தேன்தீவில் ஒரு மஞ்சள் தொப்பி

ஓய்வாக விளையாடுகிற கணினி விளையாட்டுகளைப் பற்றி நெவேனாவிடம் வாயைக் கொடுத்தவர்கள் யாரும் அரை மணி நேரத்துக்குள் தப்பியதில்லை. சோம்போர் ஊர்ப் பெரிய தெருவில் இருக்கிற மருந்துக் கடையில் அவளுக்கு வேலை. இருமல் மருந்து வாங்க வந்த ஒரு கல்லூரிப் பெண், கைப்பேசியில் ஏதோ மீன்பிடி விளையாட்டை வைத்திருந்த ஒரே குற்றத்துக்காக முழுப் பிரசங்கம் கேட்டாள். மீன் சிக்காவிட்டால் உச்சுக் கொட்டுகிறதெல்லாம் ஒரு விளையாட்டா, வீட்டில் அம்மா உச்சுக் கொட்டுவது போதாதா என்று நெவேனா பிடித்த பிடியில் அந்தப் பெண் மருந்தை மறந்துவிட்டுப் போனாள். இருமல் என்ன ஆனதோ தெரியாது.

'சாய்வு நாற்காலி' என்ற சின்ன இணைய இதழில் மாதம் இரண்டு முறை எழுதவும் செய்தாள். அவளுடைய அளவுகோல் காப்பி. பக்கத்தில் வைத்த காப்பியைச் சூடாகக் குடிக்க விட்டால் அது ஓய்வு விளையாட்டு. ஆறிப்போக விட்டால் அது வேலை, சம்பளம் இல்லாத வேலை. இரண்டு பேர் சேர்ந்து அடுப்படியில் ஓடி ஓடிச் சமைக்கிற விளையாட்டைக் குடும்ப நீதிமன்றத்துக்கு ஒத்திகை என்று எழுதினாள். பெரிய கம்பெனிகளின் தோட்ட விளையாட்டுகளை அவள் தொடுவதேயில்லை. தினமும் வா, வராவிட்டால் பரிசு போச்சு என்று மிரட்டுகிறவன் எப்படி நம்மை ஓய்வெடுக்க விடுவான்? நாலு பேர் ஒரு வீட்டு மாடியில் உட்கார்ந்து, இழுத்துப் பிடித்து மூன்று வருடம் செய்த விளையாட்டுதான் அவளுக்கு விளையாட்டு. அதிலும் தன்னோடு சேர்ந்து விளையாட ஒரு ஆள் வேண்டும். தனியாக ஓய்வெடுப்பதற்குப் பெயர் தூக்கம் என்பாள்.

அந்த ஒரு ஆள் சென்கா.

இரண்டு பேரும் சோம்போரில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். சென்கா இப்போது நோவி சாத் நகரில் பாலர் பள்ளி ஆசிரியை. ஐந்து வருடமாக வியாழக்கிழமை மாலை ஆறிலிருந்து எட்டு வரை இரண்டு பேரும் 'தேன்தீவு' விளையாடினார்கள். ஒரு தீவு, சில தேனீப் பெட்டிகள், ஒரு குடிசை. ஒருத்தி புகை ஊதினால்தான் இன்னொருத்தி தேனடையை வெளியே எடுக்க முடியும். ஒரு நேரத்தில் இரண்டு பேர்தான் தீவில் இருக்கலாம். தீவு இருப்பது சென்காவின் கணினியில். அவள் திறந்தால் நெவேனா போகலாம், திறக்காவிட்டால் கரையில் நிற்க வேண்டியதுதான். இந்த ஒரு குறைக்காக நெவேனா அந்த விளையாட்டுக்கு மதிப்பெண்ணில் அரைக் கோப்பைக் காப்பி குறைத்திருந்தாள்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். செப்டம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை சென்காவுக்கும் ரேல்யாவுக்கும் கல்யாணம். மே மாதம் பிறந்துவிட்டது. சென்கா இன்னும் தன் கூமாவைக் கேட்கவில்லை. கூமா என்றால் சும்மா இல்லை. தேவாலயத்தில் மணமகள் பக்கத்தில் மெழுகுவர்த்தி பிடித்து நிற்பவள், கையெழுத்துப் போடுபவள், பிறகு பிறக்கிற பிள்ளைகளுக்கு ஞானத்தாய். செத்தால் ஒழிய அந்த உறவு தீராது. கேட்டுவிட்டால் மறுக்கிற வழக்கம் கிடையாது. கேட்காவிட்டால் வாய் திறந்து கேட்டு வாங்குகிற வழக்கமும் கிடையாது. நெவேனாவின் கல்யாணத்தில் சென்காதான் கூமா. அப்படியிருக்கும்போது ஜனவரியிலேயே கேட்டிருக்க வேண்டாமா? நெவேனா தூங்கவில்லை என்று சொல்ல முடியாது, தூங்கினாள். ஆனால் எழுந்ததும் முதல் நினைப்பு இதுதான்.

"இன்னும் கேக்கலையா?" என்று அவள் கணவன் லாசர் வாரம் ஒரு முறை கேட்பான்.

"கேப்பா. அவ வரப்போற மாமியார் பாவம், பிப்ரவரில பனிக்கட்டியில வழுக்கி விழுந்து இடுப்பு உடைஞ்சு அவ வீட்டுலதான் படுத்திருக்கு. அந்தம்மாவுக்குக் கஞ்சி வைக்கவே அவளுக்கு நேரமில்ல."

"வியாழக்கிழமை விளையாட மட்டும் நேரமிருக்கா?"

"நீ வாயை மூடிக்கிட்டு உன் பந்தாட்டத்தைப் பாரு."

மே இரண்டாவது வியாழக்கிழமை ஒரு தேனீக்கூட்டம் பெட்டியை விட்டுப் பறந்துவிட்டது. சென்கா குடிசைப் பக்கம் தேட, நெவேனா மலையைச் சுற்றி வடகரைக்குப் போனாள். அங்கே பெட்டி எதுவும் இல்லாததால் ஐந்து வருடமாக இரண்டு பேரும் போனதில்லை. போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கரையோரம் வரிசையாக ரோஜாச் செடிகள். எண்ணிப் பார்த்தாள், அறுபத்தொன்று. சிவப்பிலிருந்து மெல்ல மெல்ல வெளுத்து, கடைசியில் வெள்ளையில் முடிகிற வரிசை. கடலைப் பார்த்து ஒரு மரப் பலகை இருக்கை. இருக்கையின் மேல் ஒரு மஞ்சள் தொப்பி. தேன்தீவில் ஒருவர் விளையாட்டை விட்டு வெளியே போனால் அவருடைய தொப்பி கடைசியாக இருந்த இடத்தில் கிடக்கும். நெவேனாவின் தொப்பி பச்சை. சென்காவுடையது ஊதா.

"கிடைச்சுதாடி?" என்று காதொலிப்பானில் சென்காவின் குரல் கேட்டது.

"இல்ல. இந்த ரோஜா எல்லாம் யாரு நட்டது?"

"ஓ, அதுவா? நான்தான். சும்மா பொழுது போகல, நட்டேன்."

பொய். அப்பட்டமான பொய். சென்காவுக்கு வரிசை என்றால் என்னவென்றே தெரியாது. தேன் ஜாடிகளைக் குப்பை கொட்டுகிற மாதிரி கதவோரம் குவித்துவைப்பவள் அவள். நிறம் பார்த்து அடுக்குகிற கை அவளுடையது இல்லை. இருபது வருடமாக அவள் கையெழுத்தைப் பார்க்கிறவளிடம் காதில் பூச்சுற்றுகிறாள்! தேன்தீவில் ஒரு ஆள் ஒரு நாளைக்கு ஒரு ரோஜாச் செடிதான் நட முடியும். அதுவும் விளையாட்டு நாள் இல்லை, நிஜ நாள். அறுபத்தொரு நாள் ஒருத்தி வந்து வந்து போயிருக்கிறாள்.

எட்டு மணிக்கு விளையாட்டை மூடியதும் நெவேனா இன்னொரு வேலை செய்தாள். விளையாடுகிற ஒவ்வொருவரின் பெயருக்குக் கீழும் எத்தனை மணி நேரம் விளையாடினார்கள் என்று இருக்கும். அவளுடையது நானூற்று முப்பது. சென்கா இல்லாமல் அவளால் அந்தத் தீவில் கால் வைக்க முடியாது என்பதால் அந்த நானூற்று முப்பதும் இரண்டு பேரும் சேர்ந்து விளையாடியது. சென்காவின் பெயருக்குக் கீழே ஐந்நூற்று எண்பது.

நூற்றைம்பது மணி நேரம்! நெவேனாவுக்கு வாரம் இரண்டு மணி நேரம் அளந்து ஊற்றிவிட்டு, வேறு எவளுக்கோ அண்டாவோடு தூக்கிக் கொடுத்திருக்கிறாள்.

"புருஷன் வேற பொண்ணோட சுத்தினாக்கூட நீ இப்படி மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்க மாட்டே" என்றான் லாசர்.

"நீ சுத்து. எனக்கு என்ன வந்துச்சு? ஆனா என் தீவுல கால வெச்சே, தொலைச்சுப்புடுவேன்."

"உன் தீவா? அது சென்கா கம்ப்யூட்டர்ல இருக்குன்னு நீதானே ஊரெல்லாம் புலம்பினே?"

நெவேனா அதற்குள் எவள் என்று யோசித்துக்கொண்டிருந்தாள். யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. சென்காவோடு பாலர் பள்ளியில் வேலை செய்கிற இஸ்க்ரா. அவளுடைய படங்களை நெவேனா பார்த்திருக்கிறாள்: கிரயான் குச்சிகளை நிறவாரியாக அடுக்கி ஒரு படம், மிளகாய்களைச் சிவப்பிலிருந்து பச்சை வரை அடுக்கி ஒரு படம். கார் என்ன நிறம்? மஞ்சள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? கூமாவை ஏன் கேட்கவில்லை என்பதும் அப்போதே புரிந்துவிட்டது. கேட்டாகிவிட்டது, ஆனால் இவளை இல்லை.

அந்த வாரம் 'சாய்வு நாற்காலி'யில் வந்த கட்டுரைக்கு 'மூன்றாவது ஆள்' என்று தலைப்பு. கூட்டு விளையாட்டில் ஓய்வு என்பது புல்லும் பூவும் மெல்லிசையும் இல்லை. எதிரில் இருப்பவள் அடுத்து என்ன செய்வாள் என்று யோசிக்காமலே தெரிந்திருப்பதுதான் ஓய்வு என்று எழுதினாள். அது அவள் எழுதியதிலேயே உருப்படியான வரி. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அழகு காட்டுவதற்காகச் செடி நடுகிறவர்கள், உழைக்காமல் உட்கார்ந்து கடல் பார்க்கிறவர்கள், அடுத்தவர்கள் ஐந்து வருடம் புகை ஊதிச் சேர்த்த தேனில் நாக்கு நீட்டுகிறவர்கள் என்று இரண்டு பக்கம் கரித்துக் கொட்டினாள். நாலாயிரம் பேர் படித்தார்கள். எழுபது பேர் பிரமாதம் என்றார்கள். சென்கா ஒன்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை கல்யாணச் செருப்பு பார்க்க வா என்று சென்கா கூப்பிட்டதால் நெவேனா பேருந்தில் நோவி சாத் போனாள். கடை வாசலில் சென்காவோடு இஸ்க்ராவும் நின்றாள். ஆகட்டும் என்று நெவேனா மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். மூன்று பேரும் இறைச்சி வைத்த பூரெக்கும் தயிருமாகச் சாப்பிட உட்கார்ந்தபோது, சென்கா கைகழுவப் போன நேரம் பார்த்துத் தொடங்கினாள்.

"ரோஜான்னா உனக்கு ரொம்பப் பிடிக்குமோ?"

"பிடிக்கும்" என்றாள் இஸ்க்ரா, தயிரைக் கலக்கியபடி. "யாருக்குத்தான் பிடிக்காது?"

"தினம் ஒண்ணு நட்டா நல்லா வளருமாம்."

"எங்க நடறது? எங்க வீட்டுல பால்கனியே கிடையாது."

"பால்கனி இல்லாட்டி என்ன, தீவு இருக்கே."

இஸ்க்ரா இவளைத் தலையிலிருந்து கால் வரை ஒரு பார்வை பார்த்தாள். "அக்கா, நீங்க மருந்துக் கடையில எதையாவது எடுத்துச் சாப்பிடறீங்களா?"

என்ன நடிப்பு! நெவேனா பூரெக்கை இரண்டாகப் பிய்த்தாள். கைகழுவி வந்த சென்கா இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, செருப்பின் குதிகால் எவ்வளவு உயரம் இருக்கலாம் என்று பேச ஆரம்பித்தாள். கூமா பேச்சே எடுக்கவில்லை. திரும்பி வருகிற பேருந்தில் கோதுமை வயல் முழுக்க நெவேனாவின் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிந்தது.

அடுத்த வியாழக்கிழமை ஆறு மணிக்குத் தீவு திறந்தது. நாலு பெட்டி பார்த்து முடிப்பதற்குள் சென்காவின் வீட்டில் யாரோ அவளைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது.

"அத்தைக்குக் குளிக்கணுமாம். இருபது நிமிஷம். நீ பாட்டுக்கு ஜாடி எல்லாம் அடுக்கிட்டு இரு" என்று சொல்லிவிட்டுச் சென்கா எழுந்து போனாள். அவளுடைய ஊதாத் தொப்பிக்காரி குடிசை வாசலில் அசையாமல் நின்றாள்.

நெவேனா ஜாடி அடுக்கவில்லை. குடிசைச் சுவரில் மாட்டியிருந்த கோடரியை எடுத்தாள். விறகுக்காக ஒரு நாளும் எடுக்காத கோடரி. மலையைச் சுற்றி வடகரைக்கு நடந்தாள். முதல் செடியை வெட்டும்போது கொஞ்சம் தயக்கம் இருந்தது என்று சொல்ல ஆசைதான், ஆனால் இல்லை. வெட்டு விழுந்ததும் செடி ஒரு சின்ன 'பொக்' சத்தத்தோடு மறைந்தது. அந்தச் சத்தம் அவளுக்குப் பிடித்திருந்தது. அறுபத்தொன்று இப்போது அறுபத்தெட்டு ஆகியிருந்தது. அறுபத்தெட்டு பொக். பலகை இருக்கையையும் உடைத்தாள். மஞ்சள் தொப்பியை எதுவும் செய்ய முடியவில்லை, விளையாட்டில் அதற்கு வழியில்லை. இருந்திருந்தால் அதையும் செய்திருப்பாள். பதினேழு நிமிடம் ஆனது. பக்கத்தில் வைத்திருந்த காப்பி ஆறிப்போய்விட்டது.

சென்கா திரும்பி வந்து, தேடிக்கொண்டு வடகரைக்கு வந்தாள். ஊதாத் தொப்பியும் பச்சைத் தொப்பியும் வெற்று மணலில் நின்றன.

"என்னடி பண்ணினே?"

"இடம் வீணாக் கிடந்துச்சு. இங்க ஆறு பெட்டி வைக்கலாம். வருஷத்துக்கு நாற்பது ஜாடி கூட வரும். நீதான் சும்மா நட்டேன்னு சொன்னியே?"

பிறகு திரையில் ஒரு வரி வந்தது: தீவின் சொந்தக்காரர் வெளியேறிவிட்டார். அதோடு நெவேனாவும் வெளியே வந்து விழுந்தாள்.

அன்று அவளுக்கு ஒரு திருப்தி இருந்தது. வெள்ளிக்கிழமை காலை அது போய்விட்டது. சென்கா போனை எடுக்கவில்லை, செய்திக்குப் பதில் போடவில்லை. ஒரு நாள் ஆனது, ஒரு வாரம் ஆனது, அடுத்த வியாழக்கிழமை தீவு திறக்கவில்லை. கூமா கனவெல்லாம் கோவிந்தா என்று நெவேனாவுக்கே தெரிந்துவிட்டது. லாசர்கூடக் கிண்டலை நிறுத்திவிட்டான். அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஜூன் முதல் ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்த நேரம். வாசல் மணி அடித்தது. சென்கா நின்றாள், தனியாக. கையில் பூச்சரம் சுற்றிய மரக்குடுவை. கல்யாணத்துக்கு அழைக்க எடுத்துப் போகிற குடுவை. நெவேனா குடுவையைப் பார்த்தாள், சென்காவின் முகத்தைப் பார்த்தாள். இரண்டும் பொருந்தவில்லை. லாசர் சட்டையை மாட்டிக்கொண்டு, சிகரெட் வாங்க வேண்டும் என்று வெளியே போய்விட்டான். அவன் சிகரெட் குடிக்கிறவன் இல்லை.

சென்கா குடுவையைச் சமையலறை மேசைமேல் வைத்தாள். உட்காரவில்லை.

"அந்தத் தொப்பி யாருதுன்னு நினைச்சே?"

"இஸ்க்ரா."

"இஸ்க்ராவுக்குக் கம்ப்யூட்டர்ல ஒரு படத்தைத் திறக்கத் தெரியாதுடி. அது என் அத்தை."

"எந்த அத்தை?"

"எனக்கு எத்தனை மாமியார் இருக்காங்க? ஸகோர்கா அத்தைதான். இடுப்புல தகடு வெச்சு, மூணு வாரம் மல்லாக்கப் படுத்துக்கிட்டு, ஜன்னல் வழியா எதிர் வீட்டுச் சுவத்தையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. முப்பது வருஷம் ரயில்வேல டிக்கெட் குடுத்தவங்க, ஒரு நாள் சும்மா இருந்ததில்ல. ஒரு நாள் அழுதாங்க. ரேல்யா டேப்லெட்டைக் கையில குடுத்து, தேனீ பாருங்க அத்தைன்னு நான்தான் காட்டினேன். அதுலேர்ந்து தினம் ஒரு ரோஜா. ஆஸ்பத்திரிக்குப் போன நாள்ல மட்டும் இல்ல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லாதேன்னு அவங்க சத்தியம் வாங்கினாங்க. டிக்கெட் கவுண்டர்ல தெரிஞ்சா சிரிப்பாங்களாம். அது ஒண்ணு. இன்னொண்ணு, நான் சொன்னா நீ மறுநாளே அவங்களுக்கு ஒரு அட்டவணை அனுப்பியிருப்பே. எந்தப் பெட்டிக்கு எந்த நாள் புகை, எந்தப் பூவுல எத்தனை சொட்டு."

"அட்டவணை இல்லாம எப்படிடி..."

"பாத்தியா!"

சமையலறைக் குளிர்பெட்டிக் கதவில் அந்த அட்டவணை தொங்கிக்கொண்டிருந்தது. சென்காவின் கண் அதன்மேல் போய்விட்டுத் திரும்பியது.

"அவங்களுக்குத் தெரியுமா? நான்தான்னு?"

"தெரியாது. மறுநாள் காலையில டேப்லெட்டைத் திறந்து பாத்துட்டு, என்னைக் கூப்பிட்டாங்க. 'சென்கா, எதையோ தப்பா அழுத்திட்டேம்மா, எல்லாம் போயிடுச்சு, உன் விளையாட்டைக் கெடுத்துட்டேன், மன்னிச்சுக்கோ'ன்னாங்க. என்கிட்ட மன்னிப்புக் கேட்டாங்கடி! நான் என்னத்தைச் சொல்றது? என் கூமாதான் கோடரியை எடுத்து வெட்டிப் போட்டான்னு மாமியார்கிட்டச் சொல்லவா?"

கூமா என்ற சொல் நெவேனாவின் காதில் விழுந்தது. சந்தோஷப்படுகிற இடம் இது இல்லை என்று தெரிந்தும் அவளுக்கு நெஞ்சு துள்ளிவிட்டது. தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"ஜனவரியிலேயே முடிவு பண்ணிட்டேன்" என்றாள் சென்கா. "கேக்கும்போது மாப்பிள்ளையோட அம்மாவும் கூட வரணும்னு அத்தைக்கு ஆசை. நானும் வரேன், கால் ஊன்றட்டும், கால் ஊன்றட்டும்னு தள்ளிக்கிட்டே வந்தாங்க. இன்னைக்குக்கூட வரேன்னுதான் சொன்னாங்க. நான்தான் படி ஏறக் கூடாதுன்னு விட்டுட்டு வந்தேன். உங்கிட்ட இதெல்லாம் பேசணுமே." குடுவையை முன்னால் தள்ளினாள். "நீ என் கூமாவா நிக்கணும். கேக்கறேன். மறுக்கக் கூடாதுன்னு உனக்கே தெரியும்."

நெவேனா குடுவையைத் தூக்கிக் குடித்தாள். ப்ளம் சாராயம் தொண்டையைப் பொசுக்கிக்கொண்டு இறங்கியது. சென்கா மூன்று முறை கன்னத்தில் முத்தம் கொடுத்தாள், முறைப்படி. நெவேனாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. மன்னித்துவிடு என்று சொன்னாள். சென்கா தலையை ஆட்டினாள்.

"வியாழக்கிழமை நான் வடகரையைச் சரி பண்ணிக் குடுத்துடறேன்" என்றாள் நெவேனா. "தினம் ஒண்ணுதான் நட முடியும், பரவாயில்ல, அறுபத்தெட்டு நாள்..."

"வியாழக்கிழமை வேண்டாம்."

"ஏன்?"

சென்கா நாற்காலியை இழுத்து, அப்போதுதான் உட்கார்ந்தாள். "கோவத்துல சொல்லல, கேளு. அத்தைகூட விளையாடும்போது ரெண்டு பேரும் பலகையில உக்காந்து கடலைப் பாத்துக்கிட்டு இருப்போம். தேனீ தப்பிச்சுப் போனா, போகட்டும், அதுக்கும் ஊர் சுத்த ஆசை இருக்காதான்னு சொல்வாங்க. உன்கூட விளையாடிட்டு எழுந்தா எனக்குத் தோள் வலிக்குது நெவே. அஞ்சு வருஷமா வலிக்குது. பாலர் பள்ளியில முப்பது குழந்தைங்களை மேய்ச்சுட்டு வந்து, ஆறு மணிக்கு உன்கிட்ட ரெண்டாவது வேலைக்கு உக்கார்றேன். நீ என் கூமா. செத்தாலும் நீதான். ஆனா வியாழக்கிழமையை அத்தைக்குக் குடுத்துட்டேன்."

ஐந்து மாதமாக நெவேனா எதற்காக வயிறு எரிந்தாளோ அது கையில் வந்துவிட்டது. அதைப் பிடிக்கப் போய், கையில் இருந்ததைக் கீழே போட்டுவிட்டாள். இப்போது கூமா பட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வியாழக்கிழமையைக் கேட்கலாமா என்று ஒரு நொடி யோசித்தாள். மெய்யாகவே யோசித்தாள். அதற்கு வழியில்லை. கசகசாச் சுருள் ரொட்டியை வெட்டித் தட்டில் வைத்தாள், காப்பி போட்டாள். இரண்டு பேரும் தேவாலயப் பூ அலங்காரத்தைப் பற்றிப் பேசினார்கள்.

அந்த வியாழக்கிழமை நெவேனா மருந்துக் கடையிலிருந்து நேராக வீட்டுக்கு வந்தாள். கணினியைத் திறக்கக் கூடாது என்று சபதம். ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது திறந்தாள். நண்பர்கள் பட்டியலில் சென்காவின் பெயர் பச்சையாக எரிந்தது, பக்கத்தில் 'தேன்தீவு'. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தபோது கைப்பேசி அடித்தது. தெரியாத எண்.

"கூமாவா? நான் ஸகோர்கா பேசறேன். ரேல்யாவோட அம்மா."

"சொல்லுங்கம்மா. இடுப்பு எப்படி இருக்கு?"

"இடுப்பு கிடக்கட்டும். இன்னும் சென்கா வரல, பெத்தவங்க கூட்டமாம் பள்ளிக்கூடத்துல. எல்லாத்தையும் ரேல்யா திறந்து வெச்சுட்டுப் போயிட்டான். உனக்கு இந்த விளையாட்டு நல்லாத் தெரியும்னு சொன்னா. ஒரு சந்தேகம். சிரிக்காதே."

"சிரிக்க மாட்டேன்."

"போன மாசம் நான் எதையோ அழுத்தி என் செடி அத்தனையும் போயிடுச்சு. எதை அழுத்தினேன்னு தெரியல. அதுலேர்ந்து ஒரு செடிகூட நடல, கை வைக்கவே பயமா இருக்கு. எந்தப் பொத்தான்னு சொன்னேன்னா, அந்தப் பக்கமே போகாம இருந்துப்பேன்."

நெவேனா ஜன்னலைப் பார்த்தாள். சும்மா ஏதாவது ஒரு பொத்தானைச் சொல்லிவிடலாம். வலது ஓரத்தில் இருக்கிற சிவப்புப் பொத்தான் என்றால் முடிந்தது, அந்தம்மாள் ஜென்மத்துக்கும் அதைத் தொடமாட்டாள். சென்காவும் காட்டிக் கொடுக்க மாட்டாள்.

"நீங்க எதையும் தப்பா அழுத்தலம்மா" என்றாள். "நான்தான் வெட்டினேன். கோடரியை எடுத்துக்கிட்டுப் போயி, ஒண்ணு விடாம வெட்டினேன்."

"ஏம்மா?"

"பொறாமை. சென்கா உங்களோடதான் அதிகமா விளையாடறா. உங்களோடன்னு அப்பத் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் வெட்டியிருப்பேனோ என்னவோ."

"என் மேலயா?" ஸகோர்காவின் குரல் மேலே ஏறியது. "இடுப்புல தகடும் கையில ஊன்றுகோலுமா கிடக்கற என் மேலயா ஒருத்தி பொறாமைப்பட்டா? அடக் கடவுளே!" அவள் சிரித்தாள். இடையில் வலித்திருக்க வேண்டும், ஆ என்றாள், மறுபடியும் சிரித்தாள். பிறகு சட்டென்று நிறுத்தினாள். "அறுபத்தெட்டு செடி, பொண்ணே. ஒவ்வொண்ணும் ஒரு நாளு. இன்னொரு நாளு படுத்துத் தாண்டிட்டேன்னு எண்ணி எண்ணி நட்டேன்."

"தெரியும்மா."

"தெரியாது உனக்கு. சரி, போகட்டும். நடறதுக்கு எந்தப் பொத்தான்? அதுவும் மறந்து போச்சு."

"இடது பக்கம், இலை படம் போட்டது. அதை அழுத்திட்டு, மண்ணுல எங்க வேணுமோ அங்க விரலை வையுங்க."

"இலை... ஆங், இலை." விரலால் திரையைத் தட்டுகிற சத்தம் கேட்டது. "வந்துடுச்சு! சிவப்பு!"

அதே நேரத்தில் தூரத்தில் கதவு திறக்கிற சத்தமும் சென்காவின் குரலும் கேட்டன. "அத்தை, ஆரம்பிச்சிட்டீங்களா? நான் வராமலா?"

"வந்துட்டா" என்றாள் ஸகோர்கா. "வெச்சுடறேன் கூமா, தேவாலயத்துல பாப்போம்."

போன் நின்றுவிட்டது. அப்போது மணி ஆறு பத்து. இரண்டு தொப்பிகளும் இப்போது வடகரையில் உட்கார்ந்திருக்கும், பலகை இல்லாததால் மணலில். நெவேனாவுக்கு மறுபடியும் வயிறு எரிந்தது, முன்பு எரிந்ததைவிடக் கொஞ்சமும் குறையாமல். அவள் கணினியை மூடவில்லை. எட்டு மணி வரை அந்தப் பச்சைப் பெயரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.